இருபத்துநாலுக்குப் பன்னிரண்டு

வண்ணார்பேட்டைக் கடையில்
மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும்
மூக்காண்டி அண்ணாச்சி போனை நீட்டினார்.
"இந்த மலைதான் வேணும் தாயி.
மேடைக்குப் பின்னால, மூலைக்கு மூலை.
மாப்பிள்ளை அமெரிக்கால இருக்கான்லா,
அவன் அனுப்புன படம்."

எவனோ ஒருவன்
நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி
எண்ணெய்ச் சாயத்தில் எழுதியது.
பனி முகடு. காற்றே இல்லாத ஒரு ஏரி.
மேகத்தைக் கிழித்துக்கொண்டு
சரியாக அருவியின் உச்சந்தலையில் மட்டும்
விழுகிற வெயில்,
பந்தலில் போக்கஸ் லைட் கட்டினதுபோல.
எங்கள் பக்கத்து வெயிலுக்கு
அப்படி ஆள் பார்த்து விழத் தெரியாது.

"பாணதீர்த்தம் மாதிரியே இருக்குல்லா?"
இல்லை.
ஆனால் முன்பணம் மேசைமேல் இருந்தது.

பெரிய கோப்பைத் தேடி எடுத்தேன்.
இறங்க நாற்பது நிமிஷம்.
நூறு சதம், இருநூறு, நானூறு.
முதலில் மலை காணாமல் போனது.
சாம்பல்மேல் இழுத்த ஊதா,
ஊதாமேல் தயங்கிய வெள்ளை,
அவ்வளவுதான் மலை.
பிறகு கீழே, ஏரிக்கரைப் புல்லில்
எறும்பு என்று நான் நினைத்தவை
எழுந்து ஆட்களானார்கள்.

ஏழு கூடாரம்.
குதிரைகள், எண்ணவில்லை.
கொன்று கிடத்தின ஒரு மலையாடு,
அதை மோந்து பார்க்கும் நாய்.
அடுப்படியில் குந்தியிருக்கும் ஒருத்தி.
அவளுக்கு மூன்றே தீற்றல் செலவழித்திருக்கிறான்:
முதுகுக்கு ஒன்று, சடைக்கு ஒன்று,
தீயை நோக்கி நீளும் கைக்கு ஒன்று.
முகம் கிடையாது.

போன் போட்டேன்.
"ஆளா? அது வேற இருக்கா?
நல்ல காரியத்துல செத்த ஆடு எதுக்குட்டி!
எல்லாத்தையும் எடுத்துரு.
மலைன்னா சும்மா
மலையா இருந்தாத்தான அளகு."

எடுப்பது லேசு.
பக்கத்துப் புல்லைத் தொட்டு
ஆள்மேல் வைத்து அழுத்த வேண்டும்.
கூடாரத்துக்கு நாலு அழுத்து. குதிரைக்கு ஆறு.
புகைதான் படுத்தியது,
புகைக்கு ஓரம் கிடையாது.
அவளைக் கடைசியில் எடுத்தேன்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

நான் பிறந்தது மேலே, எஸ்டேட் லயனில்,
பதினேழாம் நம்பர்.
எங்களை இறக்கின லாரியில்
தையல் மெஷினுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே
உட்கார்ந்து வந்தேன்.
போன மாசம் சாட்டிலைட் படத்தில்
விரலால் இழுத்து இழுத்துத் தேடினேன்.
பச்சை.
யாரோ பக்கத்துப் பச்சையைத் தொட்டு
எங்கள்மேல் வைத்திருந்தார்கள்.
வேலை சுத்தம். ஓரம் தெரியவில்லை.

ராத்திரி மெஷின் ஓடியது.
"பனிக்கு மை கிடையாதுக்கா,
வெறும் பிளெக்ஸ்தான்" என்று மைதீன் சிரித்தான்.
உண்மைதான்.
அந்த மலையில் மிக உயரமான இடத்தில்
ஒன்றுமே அச்சாகவில்லை.

கல்லிடைக்குறிச்சி மண்டபம்.
விடியுமுன்னே ஏணி போட்டு ஏறினோம்.
எட்டு டியூப் லைட்டையும் ஒன்றாகப் போட்டார்கள்.
சமையல்காரர்கூட கரண்டியோடு வந்து
"ஆத்தாடி, குளுருதே" என்றார்.
அண்ணாச்சி சட்டைப்பைக்குள் கையை விட்டு
மீதிப் பணத்தை எண்ணத் தொடங்கினார்.

அப்போதுதான் பார்த்தேன்.
கரையில் புல் மட்டும்.
ஏரிக்குள்ளே
தலைகீழாக ஏழு கூடாரம்.
தலைகீழாகக் குதிரை.
தண்ணீருக்கு அடியில் எரிகிற அடுப்பின் முன்னால்
முதுகு காட்டி ஒருத்தி.

இன்னும் அரை மணி நேரத்தில்
பெண்ணும் மாப்பிள்ளையும்
அவள்மேல்தான் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

கயிற்றைப் பிடித்திருந்த மைதீன்
கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
"அக்கா, தண்ணிக்குள்ள யாரு?"

"இறுக்கிக் கட்டு" என்றேன்.
"காத்தடிச்சா அலையப்போவுது."